நியோநேட்டாலஜியில் ஆராய்ச்சி, பாடம் என்றால் உண்மையில் என்ன செய்வார்கள்? டி.எம். எடுக்க யோசிக்கிறேன்

கார்த்தி_பிஜி2

எல்லோருக்கும் வணக்கம். எம்.டி. குழந்தைகள் நலம், இரண்டாம் ஆண்டு. பச்சிளங்குழந்தை வார்டு போஸ்டிங் ரொம்பப் பிடித்துவிட்டது. எம்.டி.க்குப் பிறகு டி.எம். நியோநேட்டாலஜி (பச்சிளங்குழந்தை மருத்துவ மேற்படிப்பு) முயற்சி செய்யலாம் என்று ஆசை. சீனியர்களிடம் கேட்டால் "ராத்திரி தூக்கம் போகும், தனியாக கிளினிக் போட முடியாது, கடைசிவரை யாரிடமாவது சம்பளத்துக்குத்தான் இருக்கணும்" என்கிறார்கள். அது பரவாயில்லை.

என் கேள்வி வேறு. மெடிக்கல் காலேஜ் வேலைக்குப் போனால் பாதி நேரம் ஆராய்ச்சிக்கும் பாடத்துக்கும் போய்விடுமாம். நான் பார்த்தவரை ஆராய்ச்சி என்றால் புரமோஷனுக்கு எத்தனை பேப்பர் என்ற கணக்கு. பாடம் என்றால் யாரோ செய்த பவர்பாயின்டைப் படித்துக் காட்டுவது. இதற்கா டி.எம்.? இந்தத் துறையில் உருப்படியாக ஆராய்ச்சி செய்கிறவர் என்னதான் செய்கிறார்? தீசிஸ் தலைப்பும் இன்னும் முடிவாகவில்லை, அதையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

டாக்டர்_இளங்கோ

தம்பி, நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இருபது வார்மரில் (குழந்தையைச் சூடாக வைக்கும் படுக்கை) முப்பத்தைந்து குழந்தை கிடக்கிற ஊரில் ஆராய்ச்சி பேசுவது ஆடம்பரம். அமெரிக்காவில் யாராவது செய்வார்கள், கைட்லைன் வரும், நாம் அதன்படி பார்ப்போம். இரத்தக் குழாயில் லைன் போடவும் மூச்சுக் குழாயில் ட்யூப் போடவும் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை பிழைக்கும். தீசிஸ் எப்படியும் பாஸ் ஆகிவிடும்.

ராகவன்_நியோ

கார்த்தி, பொதுவாகப் பதில் சொன்னால் பிரயோஜனம் இல்லை. ஒரு ஆளைச் சொல்கிறேன்.

வில்லியம் சில்வர்மன். 1917இல் பிறந்து 2004இல் மறைந்தவர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பேபீஸ் ஹாஸ்பிடலில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். வயதான காலத்தில் ஒரு மருத்துவ இதழில் 'மால்கன்டென்ட்' என்ற புனைபெயரில் பத்தி எழுதினார், ஆகவே நம்ம ஜாதிதான்.

1942இல் பாஸ்டனில் தியோடர் டெரி என்ற கண் மருத்துவர் ஒரு புது நோயை எழுதினார். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கண்ணில் லென்ஸுக்குப் பின்னால் வெண்மையாகத் தழும்பு வளர்ந்து பார்வை போய்விடுகிறது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகளுக்குப் பார்வை போனது. நல்ல வசதியுள்ள வார்டுகளில்தான் அதிகம். வெளிச்சம் காரணமா, இரும்புச்சத்தா, விட்டமின் குறைவா என்று ஆளுக்கொரு யோசனை.

அந்தச் சமயத்தில் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் புதிதாக வந்திருந்தது. கண் கெட ஆரம்பித்த ஒரு குழந்தைக்கு சில்வர்மனும் கூட்டாளிகளும் அதைக் கொடுத்தார்கள். பார்வை தப்பியது. சந்தோஷம் எப்படி இருந்திருக்கும்! அப்புறம் வரிசையாகக் கொடுத்தார்கள். 31 குழந்தைகளில் 25 பேர் நல்ல பார்வையோடு வீட்டுக்குப் போனார்கள். இந்தக் கணக்கை இன்றைக்கு ஒரு மாநாட்டில் வைத்தால் கைதட்டுவோம், சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

சில்வர்மனுக்கு உறுத்தியது. ஒரு பெட்டியில் வெள்ளைக் கோலியும் நீலக் கோலியும் சம அளவில் போட்டார். கண் கெடத் தொடங்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோலி எடுப்பது. ஒரு நிறம் வந்தால் மருந்து, மற்றது வந்தால் மருந்து இல்லை. முடிவில், மருந்து வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்குப் பார்வை போனது. வாங்காதவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. மருந்து வாங்கிய பக்கம் இறப்பும் கூடுதல். அதாவது அந்தக் கண்களில் பெரும்பாலானவை தாமாகவே தேறியிருக்கும். 25 பேரைக் காப்பாற்றியது மருந்தே அல்ல.

பின்னால் இதே வார்டில் இன்னொன்று நடந்தது. கிருமித் தொற்று வராமலிருக்க எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் பென்சிலினும் சல்ஃபா மருந்தும் கொடுப்பது வழக்கம். புதிதாக வந்த ஆக்ஸிடெட்ராசைக்ளினோடு அதை ஒப்பிட்டார்கள். சல்ஃபா பக்கம் குழந்தைகள் அதிகமாக இறந்தன. பிரேதப் பரிசோதனையில் மூளையில் மஞ்சள் படிந்திருந்தது, கெர்னிக்டெரஸ். இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிலிருபினை (மஞ்சள் காமாலை நிறப்பொருள்) சல்ஃபா தள்ளிவிடுகிறது, அது மூளைக்குப் போய்விடுகிறது என்று பிறகுதான் விளங்கியது. பிரேதப் பரிசோதனைப் பக்கத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் டோரதி ஆண்டர்சன், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயை 1938இல் தனி நோயாக விவரித்தவர். 1956இல் கட்டுரை வந்தது. ஒப்பிட்டுப் பார்த்திருக்காவிட்டால் "குறைமாதக் குழந்தை, போய்விட்டது, என்ன செய்வது" என்று எழுதி முடித்திருப்பார்கள்.

இளங்கோ சார், அந்தச் சல்ஃபா அன்றைய கைட்லைன்தான்.

எண்கணக்கன்

மருத்துவன் இல்லை, புள்ளியியல்காரன். ராகவன் சார் கதையைப் பாதியில் விட்டுவிட்டார். ஆக்ஸிஜன் எங்கே?

அந்தக் கண் நோய்க்குக் காரணம் ஆக்ஸிஜனாக இருக்கலாம் என்று 1951இல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் எழுதினார். வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் என்ற கண் மருத்துவர் சோதித்துப் பார்க்க அரசிடம் நிதி கேட்டபோது, குழந்தைக்கு ஆக்ஸிஜனைக் குறைப்பது நெறியல்ல என்று மறுத்தார்கள். அண்ணனிடம் கடன் வாங்கிச் செய்தார். பிறகு 1953இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து பெரிய சோதனை தொடங்கின. முதல் மூன்று மாதம் மூன்றில் ஒரு குழந்தைக்கு வழக்கம்போலத் தாராளமாக ஆக்ஸிஜன், மற்றவர்களுக்குத் தேவைப்பட்டால் மட்டும். இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை என்றதும் எல்லோருக்குமே குறைத்தார்கள். தாராள ஆக்ஸிஜன்தான் குற்றவாளி என்று 1954இல் அறிவிப்பு வந்தது. உலகம் முழுக்க "40 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதே".

இதில் ஒரு வரியை நான் என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் காட்டுவேன். அந்தச் சோதனையில் குழந்தைகள் சேர்க்கப்பட்டது பிறந்து 48 மணி நேரம் கழித்து. முதல் இரண்டு நாளிலேயே இறந்துபோகிற குழந்தைகள் கணக்கிலேயே வரவில்லை. ஆனால் கட்டுப்பாட்டை எப்போதிருந்து அமல்படுத்தினார்கள்? பிறந்த நிமிஷத்திலிருந்து. நுரையீரல் முற்றாத குழந்தைக்கு ஆக்ஸிஜன் மிகத் தேவைப்படும் அந்த இரண்டு நாளில் குறைத்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்த்திருக்கவில்லை. 1973இல் இங்கிலாந்தில் கென்னத் கிராஸ் இறப்புப் பதிவேடுகளை வைத்துப் போட்ட கணக்கு: பார்வை தப்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறக்குறைய 16 குழந்தைகள் இறந்திருக்கலாம்.

தோராயக் கணக்குதான், சண்டைக்கு இடம் உண்டு. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

சிஸ்டர்_ஸ்டெல்லா

பாட்ஸ் சார் சோதனையில் ராத்திரி டியூட்டி நர்ஸுகள் ரகசியமாக ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாமே. குறைந்த ஆக்ஸிஜன் பக்கம் இருந்த பிள்ளைகள் செத்துப்போகும் என்று அவர்களுக்குப் பயம். எங்கள் ட்ரெய்னிங்கில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களிடம் யாராவது உட்கார்ந்து விளக்கினார்களா? பிள்ளை நீலமாகும்போது பக்கத்தில் நிற்பது யார்?

மீனாட்சி_குறைமாதஅம்மா

டாக்டர்கள் பேச்சில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். என் மகன் 30 வாரத்தில் பிறந்தவன், 1,300 கிராம். ஆக்ஸிஜனில் இருந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் இரும்புச் சத்து சொட்டு, தடுப்பூசி, எடை எல்லாம் இருந்தது. கண் பரிசோதனை என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு நர்ஸ் அக்கா "கண்ணைக் காட்டிட்டீங்களா" என்று கேட்டதால் ஓடினோம். லேசர் செய்தார்கள். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத விரும்பவில்லை.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, இத்தனை வருஷமாகத் தெரிந்த விஷயம் ஏன் எனக்குச் சொல்லப்படவில்லை? இரண்டு, கோலி எடுத்து ஒரு பிள்ளைக்கு மருந்து, ஒரு பிள்ளைக்கு இல்லை என்கிறீர்களே, அந்த அம்மாக்களிடம் கேட்டார்களா? என் பிள்ளைக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனா தெரியாது.

ராகவன்_நியோ

மீனாட்சி அம்மா, மன்னிப்பெல்லாம் எதற்கு. இந்த இழைக்கு உங்கள் பதிவுதான் தேவைப்பட்டது.

முதலில் கண்ணில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி வளரும். ஓரத்தை எட்ட ஏறக்குறைய நிறைமாதம் ஆகும். 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஓரம் இன்னும் வெறுமையாக இருக்கும். அப்போது ஆக்ஸிஜன் அதிகமானால் குழாய் வளர்ச்சி நின்றுபோகும். சில வாரம் கழித்து, இரத்தம் போகாத அந்த ஓரம் பட்டினியால் வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டும். அதனால் கண்டபடி புதுக் குழாய்கள் முளைத்து விழித்திரையையே இழுத்துவிடும். லேசர் வைப்பது அந்த ஓரத்தில்தான். இதற்குக் காலக்கெடு உண்டு, அதனால்தான் உங்களுக்கு நடந்தது எனக்குக் கோபம் தருகிறது.

நம் நாட்டு விதி: 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2,000 கிராமுக்குக் கீழே இருந்தாலோ கண் பார்க்க வேண்டும். முதல் பரிசோதனை பிறந்து 30 நாளுக்குள், ரொம்பச் சின்னக் குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. இது ஏன் முக்கியம் என்றால், அமெரிக்க விதி 30 வாரம், 1,500 கிராம் என்று நின்றுவிடுகிறது. அதை அப்படியே நாம் எடுத்திருந்தால் 1,700, 1,800 கிராமில் கண் கெடுகிற நம் குழந்தைகள் விட்டுப்போயிருப்பார்கள். அங்கே அந்த எடையில் இந்த நோய் அபூர்வம். இங்கே, ஆக்ஸிஜனை அளந்து கொடுக்க வசதியில்லாத வார்டுகளில், வருகிறது. நம் வார்டுகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துத்தான் இது தெரிந்தது. இளங்கோ சாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி கஷ்டமானது. 1950களில் பெற்றோரிடம் இன்றைய மாதிரி சம்மதம் வாங்கும் வழக்கமே கிடையாது. இப்போது வாங்குகிறோம், அதிலும் சண்டை வந்தது. அமெரிக்காவில் 'சப்போர்ட்' என்ற சோதனை, 2010இல் முடிவு வந்தது. 24 முதல் 27 வாரக் குழந்தைகள் 1,316 பேர். ஒரு பக்கம் சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கும் சதவீதம்) 85–89, மறுபக்கம் 91–95. இரண்டுமே அப்போது நடைமுறையில் இருந்த எல்லைக்குள்தான். குறைந்த பக்கம் கடுமையான கண் நோய் 8.6 சதவீதம், கூடிய பக்கம் 17.9. ஆனால் இறப்பு குறைந்த பக்கம் 19.9, கூடிய பக்கம் 16.2. 2013இல் அரசின் கண்காணிப்பு அலுவலகம், பார்வை, உயிர் இரண்டுக்கும் உள்ள ஆபத்தைச் சம்மதப் படிவத்தில் தெளிவாகச் சொல்லவில்லை என்று கடிதம் போட்டது. பெரிய பெரிய ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று எழுதினார்கள்.

என் நிலைப்பாடு: சோதனை அவசியமாக இருந்தது. குலுக்கல் இல்லாவிட்டால் அந்த வார்டின் பழக்கம்தான் உங்கள் பிள்ளையின் அளவைத் தீர்மானிக்கும், நீங்கள் எந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினீர்கள் என்பதைப் பொறுத்து. இன்று 90க்குக் கீழே விடாதே, 95க்கு மேல் போகாதே என்று நாங்கள் நம்பிச் சொல்கிறோம் என்றால், அதுவும் இதே மாதிரியான மற்ற நாலு சோதனைகளும்தான் காரணம். மொத்தம் 4,965 குழந்தைகள்.

மீனாட்சி_குறைமாதஅம்மா

விளக்கத்துக்கு நன்றி டாக்டர். ஆனால் நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். அந்தச் சோதனையில் ஆக்ஸிமீட்டர் காட்டிய எண்ணே உண்மையான எண் இல்லையாமே? வேண்டுமென்றே மாற்றி வைத்திருந்தார்களாம். அதைப் பெற்றோருக்குப் புரியும்படி சொல்லியிருந்தால் நிறையப் பேர் ஒத்துக்கொண்டிருக்கலாம், சிலர் மாட்டேன் என்றிருப்பார்கள். அந்தச் சிலர் மாட்டேன் என்பார்களோ என்ற பயத்தில் சொல்லாமல் விட்டால் அது சம்மதம் ஆகாது. எனக்கு வலி எடுத்து லேபர் வார்டில் கிடக்கும்போது ஆறு பக்கத் தாளை நீட்டினால் எதிலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவசியம் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. கேட்கிற விதத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எண்கணக்கன்

அம்மா சொல்வது சரி. எண்ணை மாற்றிக் காட்டியது, எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று ஊழியர்களுக்குத் தெரியாமலிருக்க. தெரிந்தால் ஸ்டெல்லா சிஸ்டர் சொன்ன மாதிரி ராத்திரியில் யாராவது திருகுவார்கள். தொழில்நுட்பமாக அதற்கு நியாயம் உண்டு. ஆனால் படிவத்தில் சாதாரண மொழியில் இரண்டு வரி எழுத முடியாத விஷயம் அல்ல அது.

டாக்டர்_இளங்கோ

சரி, கண் பரிசோதனை எல்லை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். அது நல்ல உதாரணம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சில்வர்மன், பாட்ஸ், சப்போர்ட், எல்லாம் பணம் உள்ள நாடு. நம் ஊரிலிருந்து உலகம் மாற்றிக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ராகவன்_நியோ

சொல்கிறேன், சார். நீங்களும் நானும் பிஜி படித்தபோது மூச்சு எடுக்காத குழந்தை பிறந்தால் என்ன செய்தோம்? பேக் மாஸ்க்கில் (முகத்தில் மாஸ்க் வைத்துப் பையை அமுக்கி மூச்சு கொடுப்பது) நூறு சதவீத ஆக்ஸிஜன். வேறு யோசனையே கிடையாது. சாதாரணக் காற்றே போதுமா என்று கேட்டு நார்வேயின் ஓலா சாக்ஸ்டாடோடு சேர்ந்து சோதித்தது டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் சித்தார்த் ராம்ஜியின் குழு. முதல் கட்டுரை 1993. அடுத்து ஆறு நாடுகளில் 609 குழந்தைகள், 1998இல் வெளியானது. காற்று கொடுத்த குழந்தைகள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. பிறகு வந்த சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது இறப்பு குறைவாகவே இருந்தது. 2010இல் உலக விதி மாறியது: நிறைமாதக் குழந்தைக்குக் காற்றிலேயே தொடங்கு. சிலிண்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதன் அர்த்தம் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்கணக்கன்

ஒரு சின்ன முணுமுணுப்பு: 609 பேர் சோதனையில் பிரித்தது பிறந்த தேதி ஒற்றையா இரட்டையா என்று பார்த்து. அதைச் சுத்தமான குலுக்கல் என்று நான் ஏற்கமாட்டேன், இன்று யாராவது அப்படிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன். ஆனால் திசை சரியாக இருந்தது.

இளங்கோ சாருக்கு எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று. குறைமாதப் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி. 1972இல் ஆக்லாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 282 அம்மாக்களில் காட்டினார்கள், குழந்தைகள் பிழைப்பது கூடுகிறது. அமெரிக்காவில் எல்லோரும் கொடுக்க வேண்டும் என்று அதிகாரபூர்வமாகச் சொன்னது 1994. இருபத்திரண்டு வருஷம் சும்மா கிடந்த விஷயம். சரி, நல்லது என்று தெரிந்தபின் கிராமங்களுக்கு எடுத்துப்போனார்கள். இந்தியாவில் பெலகாவியும் நாக்பூரும் உட்பட ஆறு நாடுகளில் சோதனை, முடிவு 2015இல். எதிர்பார்த்ததற்கு மாறாக, மொத்தத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு மூன்றரை கூடியது. அம்மாக்களுக்குத் தொற்றும் கூடியது. ஊசி போட்டவர்களில் பெரும்பாலோர் உண்மையில் குறைமாதத்தில் பெறவே இல்லை. மறுபடி உலக சுகாதார நிறுவனம், ஸ்கேனில் வாரக் கணக்கு சரியாகத் தெரிந்த, வார்டு வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் 2,852 அம்மாக்களில் செய்தது, இந்தியாவும் அதில் உண்டு. 2020இல் முடிவு: பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6க்கு இறங்கியது.

அதே ஊசி. இடம் மாறினால் விடை மாறுகிறது. "அமெரிக்காவில் யாராவது செய்வார்கள்" என்பதற்கு இதைவிட எனக்கு வேறு பதில் தெரியாது.

டாக்டர்_இளங்கோ

ஒத்துக்கொண்டேன் ஐயா, விட்டுவிடுங்கள். ஆனால் பாடம் நடத்துவது பற்றி யாரும் பேசவில்லை. பையன் அதையும் கேட்டான்.

சிஸ்டர்_ஸ்டெல்லா

நான் பேசுகிறேன். மூச்சு வராத பிள்ளைக்கு முதல் ஒரு நிமிஷத்துக்குள் பேக் மாஸ்க் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற ஒரு நாள் வகுப்பு எல்லோரும் போயிருப்போம். காலையில் ஸ்லைடு, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் பொம்மை, அப்புறம் சர்டிஃபிகேட், குரூப் போட்டோ. பொம்மையில் நான் நூற்றுக்கு நூறு. ஆனால் நிஜப் பிள்ளை வந்து, வெளியே பாட்டி அழுதுகொண்டிருக்கும்போது என்ன நடக்கும்? முதலில் துடைப்போம், சக்ஷன் போட்டுச் சளியை உறிஞ்சுவோம், காலைத் தட்டுவோம், மறுபடி சக்ஷன் போடுவோம். நிமிஷம் போய்விடும். ஏனென்றால் சக்ஷன் கைக்குப் பழகியது, பேக் பழகவில்லை. அந்தப் பேக்கும் ஸ்டாக் குறைந்துவிடும் என்று பல இடத்தில் பீரோவில் பூட்டியிருக்கும்.

இப்போது எங்கள் வார்டில் பொம்மையை லேபர் ரூம் மேஜை மேலேயே வைத்திருக்கிறோம். தண்ணீர் ஊற்றி எடை வருகிற மாதிரி செய்கிற பொம்மை. டியூட்டி மாறும்போது ஒருவர் மட்டும், மூன்று நிமிஷம். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடணும், கண்ணில் ஏறக்கூடாது. நெஞ்சு ஏறுகிறதா பார்க்கணும். ஏறாவிட்டால் தலையைச் சரிசெய்து மறுபடி. அவ்வளவுதான். புதிதாக வருகிற பிஜி டாக்டர்களும் செய்யணும் என்று சொன்னோம். முதலில் முறைத்தார்கள்.

ராகவன்_நியோ

சிஸ்டர் சொன்னதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது, கார்த்தி, கவனியுங்கள். தான்சானியாவில் ஹைடம் என்ற கிராமப்புற மருத்துவமனை. அங்கே ஒரு நாள் வகுப்பு எடுத்துவிட்டு, பொம்மையில் எப்படிச் செய்கிறார்கள் என்று மட்டும் பார்க்காமல், பிரசவ அறையில் ஆளை நிறுத்தி நிஜக் குழந்தைக்கு என்ன செய்கிறார்கள் என்றும் குறித்தார்கள். பொம்மையில் நல்ல முன்னேற்றம். நிஜக் குழந்தையிடம் ஒரு மாற்றமும் இல்லை. 2013இல் எழுதினார்கள். பிறகு அதே இடத்தில் சின்னச் சின்னதாக, அடிக்கடி, வேலை இடத்திலேயே பயிற்சி என்று மாற்றினார்கள். குழந்தையைத் தூண்டுவதும் சக்ஷனும் கூடின, பேக் பிடிக்க வேண்டிவந்தது குறைந்தது, முதல் நாள் இறப்பும் குறைந்தது.

மருத்துவக் கல்வி ஆராய்ச்சி என்றால் வகுப்பு முடிந்து "நன்றாக இருந்ததா, ஐந்துக்கு எத்தனை மார்க்" என்று படிவம் வாங்குவது என்று நம் கல்லூரிகளில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்த்த இப்படிப்பட்ட தீசிஸ்களில் எல்லாமே வெற்றி. தோற்ற வகுப்பே கிடையாது! ஹைடத்தில் தங்கள் வகுப்பு வேலை செய்யவில்லை என்பதை அவர்களே வெளியிட்டார்கள் பாருங்கள், அந்த நேர்மை அரிது.

பாடம் பற்றி இன்னொன்று. என் ரவுண்ட்ஸில் பிஜிகளிடம் நான் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த மருந்தை, இந்த அளவை, எதை வைத்துக் கொடுக்கிறாய்? "எப்போதும் கொடுப்போம் சார்" என்று பதில் வந்தால் அன்று மாலை தேடிப் படித்துவிட்டு வரவேண்டும். சில சமயம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அப்போது அந்த மருந்தை நிறுத்த முடியுமா என்று பேசுவோம். சில்வர்மன் 1950களில் இன்குபேட்டர் சூட்டையே இப்படித்தான் சோதித்தார். 28.9 டிகிரியா 31.7 டிகிரியா என்று பிரித்து வைத்தார். மூன்று டிகிரிகூட இல்லை. சூடான பக்கம் நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தார்கள். அதுவரை வார்டுக்கு வார்டு அந்தத் திருகியை யார் எதை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்கள்?

கார்த்தி_பிஜி2

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து முழு இழையும் இரண்டு முறை படித்தேன். மீனாட்சி அக்கா, எங்கள் யூனிட் டிஸ்சார்ஜ் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கண் பரிசோதனைக்கு இடம் இருக்கிறது, ஆனால் "கண் டாக்டரைப் பார்க்கவும்" என்று மட்டும். தேதி இல்லை, ஏன் என்று இல்லை. மேடத்திடம் சொல்லியிருக்கிறேன்.

தீசிஸுக்கு ஒரு யோசனை. ஆக்ஸிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைகள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் 90–95க்குள் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் மேலே போகிறார்கள் என்று எங்கள் யூனிட்டில் அளந்து பார்ப்பது. அப்புறம் அலாரம் எல்லையைச் சரிசெய்து, மூன்று நிமிஷப் பயிற்சி கொடுத்து மறுபடி அளப்பது. இது தீசிஸ் ஆகுமா?

எண்கணக்கன்

ஆகும். ஆனால் முன்னால்-பின்னால் ஒப்பீடு என்பது பலவீனமான வடிவம். இடையில் புது பிளெண்டர் (ஆக்ஸிஜனையும் காற்றையும் கலக்கும் கருவி) வாங்கினாலோ சீனியர் மாறினாலோ எது காரணம் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு முன், ஒரே ஒரு பின் என்று வைக்காமல் வாரா வாரம் அளந்து வரைபடமாகப் போடுங்கள். எத்தனை குழந்தை வேண்டும் என்று தனிச்செய்தி அனுப்புங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன். தயவுசெய்து டேட்டா எல்லாம் எடுத்து முடித்துவிட்டு என்னிடம் வராதீர்கள். பிஜிகள் எல்லோரும் அப்போதுதான் வருகிறார்கள்.

மீனாட்சி_குறைமாதஅம்மா

தம்பி, அந்தப் படிவத்தில் தேதியோடு "இந்தத் தேதியைத் தாண்டினால் பார்வை போகலாம்" என்று தமிழில் எழுதுங்கள். பெரிய எழுத்தில். பயமுறுத்துகிற மாதிரி இருக்கும் என்று யாராவது சொன்னால் நான் வந்து பேசுகிறேன்.

ராகவன்_நியோ

நல்ல தலைப்பு. எத்திக்ஸ் கமிட்டிக்கு இப்போதே எழுதிப் போடுங்கள், அவர்கள் கூடுவதற்கே மாதம் ஆகும். ஒரு விஷயம்: ஆக்ஸிஜன் இல்லாமல் வெறும் காற்றில் இருக்கும் குழந்தைக்கு 98, 99 காட்டினால் அது தவறு இல்லை. அந்தக் குழந்தைகளைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். மேல் எல்லை அலாரம் ஆக்ஸிஜனில் இருப்பவர்களுக்கு மட்டும்.

சிஸ்டர்_ஸ்டெல்லா

டாக்டர், உங்கள் யூனிட்டில் முதலில் போய் மானிட்டரில் மேல் அலாரம் எதில் இருக்கிறது என்று பாருங்கள். பாதி மானிட்டரில் நூறில் இருக்கும், அதாவது அடிக்கவே அடிக்காது. ஒரு ஆளுக்கு எட்டுப் பிள்ளை என்றால் சத்தம் தாங்காமல் யாரோ ஏற்றி வைத்திருப்பார்கள். திட்டாதீர்கள். ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரைக்கும் மட்டும் அளந்துவிட்டுப் போகாதீர்கள். ராத்திரி இரண்டு மணி டியூட்டிக்கும் வாங்க.